ஜேக்வெரி படிவத் தேர்விகள்

ஜேக்வெரி என்பது ஜான் ரெசிக் 2006இல் வெளியிட்ட ஜாவாஸ்கிரிப்ட் நிரலகம் ஆகும். இணையப் பக்கத்தில் வேண்டிய உறுப்பைத் தேடியெடுக்கும் குறியீடு தேர்வி (செலக்டர்) எனப்படும். படிவங்களுக்கென்றே இந்நிரலகம் சில தேர்விகளைத் தருகிறது. எழுத அவை எளியவை. குறை அவற்றின் பெயர்களில் உள்ளது. ‘:இன்புட்’ என்பது இன்புட் உறுப்போடு டெக்ஸ்ட்ஏரியா, செலக்ட், பட்டன் ஆகியவற்றையும் சேர்த்துப் பிடிக்கும்.

மிகுந்த தொல்லை தருவது ‘:செக்டு’. டிக் செய்த கட்டங்களை மட்டுமே அது தரும் என்று புதியவர்கள் கருதுவர். கீழ்விரி பட்டியலில் தேர்ந்திருக்கும் வரியையும் அது தரும். கல்வராயன்மலை மாணவர் ஒருவர் நிரப்பும் உதவித்தொகைப் படிவத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதில் மாவட்டம், வட்டம் என இரு பட்டியல்கள்; சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று என மூன்று கட்டங்கள். மூன்றும் குறிக்கப்பட்டனவா என ‘:செக்டு’ கொண்டு எண்ணினால், வருமானச் சான்றை மட்டும் குறித்தவருக்கும் விடை மூன்றுதான்: கள்ளக்குறிச்சி ஒன்று, கல்வராயன்மலை ஒன்று, சான்று ஒன்று. படிவம் தடையின்றிப் போய்விடும். பிறகு சான்று இல்லையென்று விண்ணப்பம் திரும்பினால், மலையிலிருந்து இறங்கி அலையப்போவது நிரலர் அல்லர்.

முன்னே ‘இன்புட்’ சேர்த்தால் பட்டியல்கள் விலகும். ஆனால் ஆணா பெண்ணா எனக் கேட்கும் ரேடியோ பொத்தான் இருந்தால், அது எண்ணிக்கையில் நுழைந்துவிடும். படிவத்தின் அடையாளம், செக்பாக்ஸ் என்னும் வகை, சான்றுக் கட்டங்களுக்கு இட்ட பெயர் ஆகிய மூன்றையும் சொல்லித் தேர்வதே சரி. ஜேக்வெரி ஆவணம் இதை மறைக்கவில்லை. பட்டியல் வரிகள் மட்டும் வேண்டுமாயின் ‘:செலக்டெட்’ பயன்படுத்தச் சொல்கிறது. சிஎஸ்எஸ் மரபிலும் ‘:செக்டு’ இப்படியே நடப்பதால் பழி முழுவதையும் ஜேக்வெரி மீது சுமத்த இயலாது.

வரிசை எண்ணால் தேர்வது இன்னும் மோசம். 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. தமிழ் அகரவரிசையில் அது கரூருக்கும் கன்னியாகுமரிக்கும் நடுவே அமரும். கன்னியாகுமரியைப் பழைய எண்ணால் தேடும் நிரல், பட்டியல் திருத்தப்பட்ட அன்றே வேறு மாவட்டத்தில் போய் நிற்கும். (எண்ணிக்கை சுழியத்தில் தொடங்குவது தனிக் குழப்பம்.) அதே ஆண்டு ஏப்ரலில் வந்த 3.4 பதிப்பு, ‘:ஈக்யூ’, ‘:ஃபர்ஸ்ட்’ முதலிய இடத் தேர்விகளை வழக்கொழியவேண்டியவை என அறிவித்தது. மாவட்டத்தின் பெயரையோ குறியீட்டு எண்ணையோ வேல்யூ பண்பில் வைத்துத் தேடும் நிரலுக்கு இத்தொல்லை இல்லை.