நடுநிலைப் பள்ளிக் கணிதமும் அதன் இலட்சியங்களும்

அம்பத்தூரில் 1949-இல் சைக்கிள் தொழிற்சாலையும், ஆவடியில் 1961-இல் கனரக வாகனத் தொழிற்சாலையும், மீண்டும் அம்பத்தூரில் 1964-இல் தொழிற்பேட்டையும் தோன்றிய பிறகு, சென்னையின் மேற்குப் புறநகரம் மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்கை நம்பி ஜீவனம் நடத்தும் பிரதேசமாக மாறிவிட்டது. மைக்ரோமீட்டரில் தசம இலக்கத்தைப் பிழையாக வாசித்தவன் கடைந்த உருப்படி கழிவில்தான் சேரும். ஆகவே, இப்பகுதி அரசுப் பள்ளிகளில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் பயிலும் பிள்ளைகளிடம் கணிதத்தில் எதை எதிர்பார்ப்பது என்னும் கேள்வி வெறும் பண்டிதர்களின் தர்க்க விஷயமன்று. பெற்றோருக்கும் பட்டறைக்காரருக்கும் அதில் பாத்தியதை உண்டு.

பழைய திண்ணைப் பள்ளிக்கு இந்தச் சங்கடம் இருக்கவில்லை. முந்நூற்றிருபதில் ஒரு பங்காகிய முந்திரி முதலாகக் காணி, மா, மாகாணி என ஏறிச் செல்லும் பின்னங்களை எண்சுவடியின் துணையால் நாவிலே பதித்துக்கொண்ட சிறுவன், நெல் அளக்கவும் நில விஸ்தீரணம் கணிக்கவும் வல்லவனாக வெளியேறினால் போதும் என்றிருந்தது. இலட்சியம் குறுகியதுதான், ஆனால் ஊரறிந்தது. அந்தத் திண்ணையில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் இடம் இருந்ததில்லை என்பதை மறந்து அதைப் புகழ்வோரோடு எனக்கு உடன்பாடில்லை.

இன்று நடைமுறையில் இருப்பது ‘கற்றல் விளைவுகள்’ என்னும் ஏற்பாடு. கட்டாயக் கல்விச் சட்டத்தின் விதிகள் 2017 பிப்ரவரியில் திருத்தப்பட்டபோது, ஒவ்வொரு வகுப்பிலும் மாணவர் அடைய வேண்டியவை இன்னின்ன என வரையறுப்பது அரசுகளின் கடமையாயிற்று. 2018 முதல் தமிழ்நாட்டில் வெளிவந்த புதிய பாடநூல்களும் இயல்தோறும் கற்றல் நோக்கங்களைத் தலைப்பிலேயே அச்சிட்டன. 2025-26 கல்வியாண்டில், ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை தமிழ், ஆங்கிலம், கணிதம் ஆகியவற்றில் பின்தங்கிய மாணவர்களை அடிப்படை மதிப்பீட்டினால் அறிந்து, அவர்களுக்குத் தனிப் பயிற்சிநூல் கொடுத்துக் கற்பிக்கும் ‘திறன்’ திட்டமும் வந்தது.

இந்த ஏற்பாட்டின் முதல் நன்மையைக் குறைத்துப் பேசுவது நியாயமாகாது. “போர்ஷன் முடிந்ததா?” என்பதே பள்ளியின் ஒரே கேள்வியாக இருந்த காலத்தில் ஆசிரியர் நடத்தியது கணக்கில் வந்தது, பிள்ளை பெற்றது வரவில்லை, அந்தப் பார்வையைப் பிள்ளையின் பக்கம் திருப்பியது இதுவே. எட்டாம் வகுப்பு வரை எவரையும் நிறுத்திவைப்பதில்லை என்பது தமிழ்நாட்டின் கொள்கை. ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுப் பரீட்சை என 2019-இல் வந்த அறிவிப்பும் 2020 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. அது சரியான முடிவென்றே கருதுகிறேன். ஆயினும் பரீட்சையின் பயத்தை நீக்கிய இடத்தில், பிள்ளை எங்கே நிற்கிறான் என்று சொல்லும் வேறொன்று வேண்டுமல்லவா? பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்தோரின் குழந்தை ஆண்டின் நடுவில் வந்து சேரும்போது, பாஷை தடுமாறினாலும் பின்னத்தில் அதன் நிலை என்ன என்று ஆசிரியருக்குக் காட்டுவதற்குக் கற்றல் விளைவுகளின் பட்டியல் பிரயோஜனப்படுகிறது.

குறை எங்கே தொடங்குகிறது என்றால், பட்டியலில் இடப்படும் ‘சரி’ என்னும் குறியிலே தொடங்குகிறது. 0.5, 0.45 இவ்விரண்டில் எது பெரிது என்று வினவினால், ஐந்தைவிட நாற்பத்தைந்து பெரிதாயிற்றே என்னும் முழு எண்களின் பழக்கத்தால் 0.45 என்று ஒரு மாணவி எழுதுகிறாள், அவளுக்குத் ‘தவறு’. பக்கத்தில் இருப்பவள் 0.5 என்று எழுதுகிறாள், அவளுக்குச் ‘சரி’. ஆனால் அவளுடைய நியாயம், புள்ளிக்குப் பின் இலக்கம் குறைந்தால் எண் பெரிது என்பதாக இருக்கலாம். அவளிடமே 0.5, 0.62 என்று கொடுத்துப் பார்த்தால் அப்போதும் 0.5 என்பாள். பத்தில் ஒன்று, நூற்றில் ஒன்று என்னும் இடமதிப்பு இருவருக்குமே விளங்கவில்லை. ஒருத்தி மட்டும் விளைவை அடைந்தவளாகப் பதிவாகிவிட்டாள். முதலாமவளுக்காவது மறுபடி கற்பிக்க ஏற்பாடு உண்டு; இரண்டாமவளின் பிழை பதிவேட்டின் நிழலிலே பத்திரமாக ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறது. பின்னங்களைக் கூட்டும்போது மேலெண்ணை மேலெண்ணோடும் கீழெண்ணைக் கீழெண்ணோடும் சேர்த்து, அரையும் மூன்றில் ஒன்றும் ஐந்தில் இரண்டு என்று விடை காண்பவனின் கதையும் இதுவே. விடை கூட்டிய அரையைவிடச் சிறிதாகிவிட்டதே என்று அவன் திகைக்கவில்லை என்பதே அங்குள்ள உண்மையான குறை. திகைப்பதற்கு எந்தப் பட்டியலிலும் கட்டம் இல்லை.

2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்புக்காகக் கணிதம் பற்றி ஆராய்ந்த குழு, சென்னைத் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஆர். இராமானுஜத்தின் தலைமையில், செய்முறைக்கும் சிந்தனைக்கும் உள்ள இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லியிருந்தது. எண்ணும் அளவையும் பயனுறக் கையாளுதல் குறுகிய நோக்கம். குழந்தையின் சிந்தனையே கணிதமயமாதல் உயர்ந்த நோக்கம். கணிதத்தைப் பற்றிய அச்சத்தையும், செய்முறையை மட்டும் சோதிக்கும் முரட்டு மதிப்பீட்டையும் அக்குழு நோய்களாகவே குறித்தது. நம் பாடநூல் அந்த உயர்ந்த நோக்கத்தைக் கைவிட்டுவிடவில்லை. ‘தகவல் செயலாக்கம்’ என்னும் இயலில் பிபனாச்சி எண்களும் மறைகுறி எழுத்துகளும் வருகின்றன. ஆனால் நான் கண்டமட்டில், ஆண்டிறுதி அவசரத்தில் முதலில் தாண்டப்படுவது அந்த இயல்தான்.

மதிப்பீட்டிலும் இதே சுபாவம். 2012-13-இல் முப்பருவ முறையோடு வந்த தொடர் மதிப்பீட்டில், பருவ இறுதித் தேர்வாகிய தொகுத்தறிக்கு 60, வகுப்பறைச் செயல்களாகிய வளரறிக்கு 40 எனப் பிரித்தது விவேகமான காரியம். பின்னைய நாற்பது, செய்து பார்த்தலுக்கும் யோசித்தலுக்கும் உரியதாகவே எண்ணப்பட்டது. அது பல இடங்களில் அட்டைப்படமும் ஒப்படைப்பும் ஆகிச் சுருங்கியதற்கு ஆசிரியரை மட்டும் நோவதில் பயனில்லை. மதிப்பெண்ணைக் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் ஏற்றுவதற்கு நாள் குறிக்கப்பட்டது, பிள்ளையோடு பேசுவதற்குக் குறிக்கப்படவில்லை. ஆண்டுக்கு 12,000 ரூபாய் தரும் தேசிய வருவாய்வழித் தகுதி உதவித்தொகைத் தேர்வுக்கு எட்டாம் வகுப்பில் விரைவு வழிகளைப் பழக்குவதையும் நான் குறை கூறமாட்டேன். தொழிலாளி குடும்பத்துக்கு அது சிறிய தொகையன்று.

என் அபிப்பிராயம், பட்டியலை ஒழிப்பதன்று, சுருக்குவது. தசமம் வரையிலான இடமதிப்பு, பின்னம், விகிதம், குறை எண், எழுத்தை எண்ணாகக் கையாளுதல், விடைக்குக் காரணம் கூறுதல் ஆகிய ஆறையும் மூன்று ஆண்டுகளில் ஆழமாக எதிர்பார்த்தால் போதும். அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்துக்கு அவர்கள் சதவீதங்களுக்குப் பதிலாகத் தவறான விடைகளையும், அவற்றுக்குப் பிள்ளைகள் கூறிய காரணங்களையும் கொண்டு வரட்டும். ‘திறன்’ வகுப்பைப் பொறுத்தமட்டில், அடிப்படையைச் சீர்செய்யும் மாதங்களில் அம்மாணவன் தன் வகுப்புக்குரிய இயற்கணிதத்தில் பின்தங்கக்கூடும். அதனை அவன் எந்த மாதத்தில், எந்தப் பாடவேளையில், யாரிடம் திரும்பக் கற்பான் என்பது கால அட்டவணையிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதப்படாவிட்டால், ஆறாம் வகுப்பில் பிரிக்கப்பட்டவன் எட்டாம் வகுப்பிலும் அதே வரிசையில்தான் அமர்ந்திருப்பான்.