அமைலாய்டுக் கொள்கை: ஒரு திறனாய்வு

1992 ஏப்ரலில் 'சயின்ஸ்' என்னும் அமெரிக்க வார இதழில் இரண்டே பக்கம் கொண்ட கட்டுரை ஒன்று வெளிவந்தது. அதை எழுதியவர்கள் ஜான் ஹார்டி, ஜெரால்டு ஹிக்கின்ஸ் என்னும் இருவர். முதியோரின் நினைவையும் அறிவையும் படிப்படியாக அழிக்கும் ஆல்சைமர் நோய்க்கு முதற்காரணம் எது என்னும் வினாவுக்கு அக்கட்டுரை நேரான விடை ஒன்றைத் தந்தது. மூளையின் நரம்புச் செல்களுக்கு வெளியே அமைலாய்டு என்னும் புரதம் திட்டுத் திட்டாகப் படிகிறது, அதுவே காரணம், செல்லுக்குள் தோன்றும் இழைச் சிக்கல், செல்களின் இறப்பு, அறிவுத் தேய்வு ஆகிய அனைத்தும் அதன் விளைவுகள் என்பதே அவ்விடை. அடுத்த முப்பது ஆண்டுகள் இந்நோய் பற்றிய மருந்தாராய்ச்சி பெரும்பாலும் இவ்விரு பக்கங்கள் காட்டிய வழியிலேயே சென்றது. ஒரு நூலை மதிப்பிடுவதுபோல இக்கொள்கையையும் எடுத்து மதிப்பிடலாம்.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நோய்க்குத் தம் பெயரைத் தந்த ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் ஆல்சைமர் கண்டது ஒன்றன்று, இரண்டு. தம் 55ஆம் வயதில் இறந்த ஒரு பெண்ணின் மூளையைப் பற்றி 1906 நவம்பரில் டூபிங்கன் நகரில் அவர் விவரித்தார். மெல்லிய மூளைச் சீவல்களுக்கு வெள்ளி உப்பினால் நிறமேற்றி நுண்பெருக்கியில் நோக்கியபோது, செல்களுக்கு வெளியே படிவுகள் தெரிந்தன. செல்களுக்கு உள்ளே தடித்து முறுக்கிய இழைகள் தெரிந்தன. சில இடங்களில் செல்லே கரைந்து மறைந்து, இழைச் சிக்கல் மட்டும் எஞ்சியிருந்தது. வீடு இடிந்த பின் கதவுநிலை மட்டும் நிற்பதைப்போல. வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. 1992ஆம் ஆண்டுக் கட்டுரை முன்னதைத் தலைவனாகவும் பின்னதை ஏவலாளாகவும் ஆக்கியது.

உள்ளே இருப்பது என்ன? நரம்புச் செல்லின் அமைப்பை நினைத்துப் பாருங்கள். தண்டுவடத்திலிருந்து பாதத்தை நோக்கிச் செல்லும் நரம்பிழை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமிருக்கும். செல்லின் உடற்பகுதியில் தயாராகும் பொருள்கள் அதன் கடைசி முனைவரை போய்ச் சேரவேண்டும். இதற்கென இழையினுள் நுண்குழல்கள் தண்டவாளங்கள்போல ஓடுகின்றன. இவற்றோடு ஒட்டி நிற்கும் ஒரு புரதத்தை 1975இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் மார்க் கிர்ஷ்னர் குழுவினர் கண்டறிந்து 'டௌ' எனப் பெயரிட்டனர். பந்தல்காரர் மூங்கில்களைக் கயிற்றால் பிணைப்பதுபோல டௌ நுண்குழல்களைப் பிணைத்து உறுதியாக்குகிறது என்று கொள்ளலாம்.

நலமான மூளையில் ஒரு டௌ மூலக்கூறில் சராசரியாக இரண்டு அல்லது மூன்று பாஸ்பேட் தொகுதிகளே இருக்கும். ஆல்சைமர் நோயில் இது மூன்று நான்கு மடங்காகிறது. பாஸ்பேட் மிகுந்த டௌ குழலை விட்டு நழுவுகிறது. நழுவிய மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சேர்ந்து இழையாகின்றன. அவ்விழைகள் இரண்டிரண்டாக முறுக்கியிருப்பதை 1963இலேயே மைக்கேல் கிட் எலெக்ட்ரான் நுண்பெருக்கியில் கண்டுவிட்டார். அவற்றில் இருப்பது டௌ என்பது 1986 வாக்கில்தான் தெரிந்தது. 2017இல் கேம்பிரிட்ஜில் அவற்றின் வடிவம் அணு நுணுக்கத்துக்கு வரையப்பட்டது.

பந்தல் உவமையை நீட்டிக்கொண்டே போகக்கூடாது. டௌ அறவே இல்லாமல் பிறக்கச் செய்த எலிகள் பெருங்குறை இன்றி வாழ்கின்றன. ஆகவே கயிறு அவிழ்ந்ததனால் மட்டும் பந்தல் சரிகிறது என்பது போதாது. அவிழ்ந்து திரண்ட கயிறே செல்லுக்கு நஞ்சாகிறது என்று பலரும் கருதுகின்றனர்.

அமைலாய்டுக் கொள்கையின் வலிமை மரபியலில் உள்ளது. அதைக் குறைத்துச் சொல்வது நேர்மையன்று. அமைலாய்டை ஈனும் தாய்ப்புரதத்துக்கான மரபணு 21ஆம் குரோமோசோமில் உள்ளது. அம்மரபணுவில் நேரும் மாற்றம் இளவயதிலேயே நோயைத் தருவது 1991இல் தெரிந்தது. அக்குரோமோசோம் மூன்றாக அமைந்த டவுன் நோய்க்குறி உடையோருக்கு நடுத்தர வயதிலேயே மூளையில் படிவுகள் தோன்றுகின்றன. தொடக்கத்தில் அமைலாய்டுக்குப் பங்கு உண்டு என்பதை இனி யாரும் மறுப்பதற்கில்லை.

ஆனால் வெளியே உள்ள படிவு செல்லுக்குள் எவ்வாறு சிக்கலை உண்டாக்குகிறது? கட்டுரையின் மிக மெலிந்த இடம் இதுதான். செல்லுக்குள் கால்சியம் சமநிலை கெடுவதாகச் சொல்லி அது மேலே நகர்ந்துவிடுகிறது. நோய் நடந்துகொள்ளும் முறையோ வேறு கதை சொல்கிறது. ஹெய்கோ பிராக், ஈவா பிராக் தம்பதியர் 1991இல் காட்டியபடி, இழைச் சிக்கல்கள் நினைவுக்கு வாயிலான பகுதியில் தொடங்கி, ஹிப்போகாம்பஸ் வழியாகப் பெருமூளைப் புறணிக்குப் பரவுகின்றன. நோயாளியின் அறிவுத் தேய்வும் ஏறக்குறைய அதே வழியில் செல்கிறது. படிவுகளின் அளவு அப்படி ஒத்துப்போவதில்லை. நிறையப் படிவுகளோடு தெளிந்த அறிவுடன் மறைந்த முதியோர் பலர் உண்டு.

1998இல் மற்றொரு செய்தி வந்தது. டௌ மரபணுவில் மட்டும் பிழையுள்ள குடும்பங்களில், அமைலாய்டுப் படிவு இல்லாமலே ஒருவகை அறிவுத் தேய்வு நோய் வருகிறது. செல்லைக் கொல்ல உள்ளிருக்கும் கோளாறே போதும் என்பது அதன் பொருள். அக்கண்டுபிடிப்பை வெளியிட்ட குழுவில் ஹார்டியும் ஒருவர் என்பது குறிப்பிடத்தக்கது. 2019இல் கொலம்பியா நாட்டிலிருந்து ஒரு பெண்ணைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. அவருடைய குடும்பத்தில் பரம்பரைப் பிழை உடையோருக்கு 44 வயதளவில் மறதி தொடங்கிவிடும். அவருக்கோ எழுபது வயதுவரை அது வரவில்லை. மூளையில் அமைலாய்டு மிக அதிகம். டௌ சிக்கல் குறைவு.

கொள்கையின் உண்மையான தேர்வு மருந்தில்தான். லெக்கனமாப் என்னும் எதிர்ப்புரதம் 1,795 பேரிடம் 18 மாதம் சோதிக்கப்பட்டு, 2023இல் அமெரிக்காவில் முழு ஒப்புதல் பெற்றது. அது மூளையின் அமைலாய்டைப் பெருமளவு நீக்கியது. நோயின் வேகம் 27 சதவீதம் குறைந்தது என்றனர். அதே முடிவை வேறு விதமாகவும் சொல்லலாம்: 18 புள்ளிகள் கொண்ட அளவுகோலில் இரு சாராரும் கீழிறங்கினர், வேறுபாடு 0.45 புள்ளி. மருந்து பெற்றோரில் எட்டில் ஒருவருக்கு மூளையில் வீக்கம் படத்தில் தெரிந்தது. நோயாளியின் பக்கத்தில் இருந்து முடிவெடுக்கும் மகனோ மகளோ இந்த இரண்டாவது எண்ணையும் கேட்டறிய வேண்டாமா? படிவைத் துடைத்த பின்னும் நோய் நிற்கவில்லை. உள்ளே தொடங்கிவிட்ட செயல் தானே நடந்துகொண்டிருக்கிறது என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

டௌ பக்கத்தாருக்கும் இதுவரை வெற்றிமாலை கிடைக்கவில்லை. டௌவுக்கு எதிரான சில எதிர்ப்புரதங்கள் சோதனையில் தோற்றன. எதிர்ப்புரதம் பெரிய மூலக்கூறு. செல்லுக்கு வெளியே கசிந்த டௌவைப் பிடிக்குமேயன்றி உள்ளே எளிதில் நுழையாது. இங்கும் நோய் உள்ளே, மருந்து வெளியே! டௌ உற்பத்தியையே செல்லுக்குள் குறைக்கும் மரபுத்துணுக்கு மருந்து ஒன்றைத் தண்டுவட நீரில் செலுத்தி, நோயின் தொடக்கத்தில் உள்ள 46 பேரைக் கொண்ட சோதனையின் முடிவு 2023இல் வெளியானது. மருந்தை மிகுதியாகப் பெற்றவர்களின் தண்டுவட நீரில் டௌ அளவு பாதிக்கும் மேலாகக் குறைந்தது. நினைவு காக்கப்பட்டதா என்று கூற 46 பேர் போதாது.