பாட்டியின் குரலும் பத்துக்கு நான்கும்

புதுமை வேண்டும், புதுமை வேண்டும் என முழங்குவோர் பலர். அந்தப் புதுமை, நரைத்த தலையும் தளர்ந்த குரலுமாக வாயிலில் வந்து நின்றால், வருக என வரவேற்போர் எத்தனை பேர்? அமெரிக்க நாட்டு இசைக்குழுவொன்றுக்கு நேர்ந்தது, இக்கேள்வியை நம்முன் நிறுத்துகிறது.

'ஃபைரி ஃபர்னசஸ்' என்பது குழுவின் பெயர். அண்ணன் மாத்யூ ஃப்ரீட்பெர்கர், தங்கை எலினார். சிக்காகோவை அடுத்த ஓக் பார்க்கில் வளர்ந்து, நியூயார்க்கில் குழு கண்டவர்கள். 2004ஆம் ஆண்டு 'புளூபெரி போட்' என்னும் இசைத்தொகுப்பைத் தந்தனர். நீளம் 76 நிமிடங்கள். முதற்பாட்டே பத்து நிமிடத்தைக் கடக்கும். ஒரு மெட்டு காலூன்றுமுன் மற்றொரு மெட்டு பாயும். பழமேற்றிய கப்பலைக் கடற்கொள்ளையர் வளைக்கும் கதையும் அதில் உண்டு. கேட்டுச் சலித்தோர் இருந்தனர். எனினும், பிட்ச்ஃபோர்க் என்னும் இணைய ஏடு பத்துக்கு 9.6 மதிப்பெண் வழங்கி வாழ்த்தியது.

மறு ஆண்டு, 2005இல், 'ரிஹர்சிங் மை கொயர்' வந்தது. இம்முறை உடன்பிறந்தார் இருவரும் தம் பாட்டியை ஒலிவாங்கியின்முன் அமர்த்தினர். ஓல்கா சரண்டோஸ் என்னும் அம்முதியவர், கிரேக்கத் திருச்சபையில் பாடகர் குழுவை நடத்தியவர். சிக்காகோவில் அவர் வாழ்ந்த வாழ்வு, கொண்ட காதல், கண்ட இழப்பு யாவும் முன்பின்னாக அவிழ்கின்றன. முதியவளாகப் பாட்டி பேசுகிறார்; அப்பாட்டியின் இளமைக்குப் பேத்தி குரல் கொடுக்கிறாள். அதே ஏடு அளித்த மதிப்பெண் என்ன? பத்துக்கு 4!

குறை கூறவே கூடாது என்பதன்று நம் வழக்கு. மெட்டு குறைந்தது, பேச்சு மிகுந்தது, இது மெய். பாடல் கேட்க வந்தவர், பேச்சு கேட்டு வாடியதும் இயல்பே. எழுதும் கை மாறினால் தீர்ப்பு மாறலாம் என்பதும் அறிவோம். ஆனால், திடீர்த் தாவலும் தொடர்பறுந்த நடையும் முன்னதில் துணிவு எனப்பட்டன. பின்னதில் தொல்லை எனப்பட்டன. கற்பனைக் கொள்ளையருக்காகப் பொறுமை காத்த செவிகள், உண்மையில் வாழ்ந்த ஒரு பெண்ணுக்காகப் பொறுமை இழந்தது ஏன்? குறை கண்டோர் பலரும் அம்மூதாட்டியின் கரகரத்த குரலைச் சுட்டியது எதைக் காட்டுகிறது? இளமைக் குரலே இசை, முதுமைக் குரல் இரைச்சல் என்னும் பழைய நினைப்பு, புதுமை பேசுவோர் நெஞ்சிலும் புகுந்திருக்கிறது என்பதையன்றோ!

விடைத்தாள் திருத்தும் தொழில் நம்முடையது. எண்ணின் எல்லையை நாம் அறிவோம். கணக்கிற்கு விடை ஒன்று. எனவே மதிப்பெண் பொருந்தும். கலைக்கு விடை ஒன்றா? ஒன்பதுக்கும் நான்குக்கும் இடையே நிற்பது கலைஞரின் வீழ்ச்சிதானா, கேட்போரின் தளர்ச்சியா என்பதை எந்த எண் சொல்லும்? எண் முடிவைத் தரும், காரணத்தைத் தராது. காரணத்தைத் தருவதே திறனாய்வு.

பேத்தியின் பாட்டைப் போற்றும் உலகம், பாட்டியின் பேச்சுக்கும் செவி தரட்டும். கேட்டபின் வெறுக்கலாம், அது உரிமை. கேளாமலே ஒதுக்குவது, உரிமையும் அன்று, திறனாய்வும் அன்று!