கரிசல் காட்டில் கையடக்க ஜிபிஎஸ்: எதை வாங்கலாம்?

அட்சரேகை 9 டிகிரி வடக்கு, தீர்க்கரேகை 78 டிகிரி கிழக்கு. இரண்டும் முழு எண்ணாக வெட்டிக்கொள்ளும் அந்தப் புள்ளி எட்டயபுரத்துக்கும் ஓட்டப்பிடாரத்துக்கும் இடைப்பட்ட கரிசல் காட்டுக்குள் இருக்கிறது. சாத்தூரிலிருந்து தெற்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர். உலகம் முழுக்க இப்படிப்பட்ட முழு டிகிரிப் புள்ளிகளைத் தேடிப்போய்ப் படம் எடுத்துப் பதிவு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். 1996-இல் அமெரிக்காவில் தொடங்கிய பழக்கம் இது.

சாத்தூருக்கும் அந்த 78-ஆம் ரேகைக்கும் உறவு இன்னும் நெருக்கம். ஊரிலிருந்து கிழக்கே பத்துக் கிலோமீட்டருக்குள், இருக்கன்குடிப் பக்கமாக அது கடந்து போகிறது. 1802-இல் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து வில்லியம் லாம்டன் தொடங்கிய மாபெரும் நில அளவை, குமரிமுனையிலிருந்து இமயமலை வரை நீண்டது இந்த ரேகையை ஒட்டித்தான். அன்று பெரிய தியோடலைட்டையும் சங்கிலிகளையும் தூக்கிக்கொண்டு ஒரு பட்டாளமே நடந்து செய்த வேலையை இன்று சட்டைப் பைக்குள் அடங்கும் கருவி சில நொடிகளில் செய்கிறது. எந்தக் கருவியை வாங்குவது என்பதுதான் கேள்வி.

கார்மின் நிறுவனத்தின் மூன்று கருவிகளை ஒரு நல்ல ஆண்ட்ராய்டு போனுடன் சேர்த்து இந்தக் கரிசல் வட்டாரத்தில் பயன்படுத்திப் பார்த்தேன். இட்ரெக்ஸ் எஸ்இ, இட்ரெக்ஸ் 22எக்ஸ், ஜிபிஎஸ்மேப் 65எஸ் ஆகியவை அந்த மூன்று. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊருக்கு உச்சி வெயிலில் வாசிக்க முடிகிற திரை வேண்டும், பெட்டிக்கடையில் கிடைக்கிற பேட்டரியில் ஓட வேண்டும், நின்ற இடத்திலேயே திசை காட்டும் காம்பஸ் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.

போன் இருக்கும்போது இது எதற்கு?

சாத்தூரிலிருந்து கோவில்பட்டிக்கு வழி பார்க்க போனே போதும். தார் ரோட்டை விட்டு இறங்கி ஓடை, கண்மாய்க் கரை, வேலிக்காத்தான் புதர் என்று நடக்கிறவர்களுக்குத்தான் கையடக்க ஜிபிஎஸ். மலையேறுபவர்கள், பறவை பார்ப்பவர்கள், கல்வெட்டும் நடுகல்லும் தேடி ஊர் ஊராகப் போகிறவர்கள், ஜியோகேச்சிங் ஆடுகிறவர்கள் எல்லாரும் இதில் அடக்கம்.

ஜியோகேச்சிங் என்பது ஒருவர் ஒளித்துவைத்த டப்பாவை ஆயத்தொலைவை மட்டும் வைத்து இன்னொருவர் கண்டுபிடிக்கும் விளையாட்டு. டப்பாவுக்குள் சின்ன நோட்டு இருக்கும். கண்டுபிடித்தவர் பெயரெழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும். இது பிறந்த நாளைத் துல்லியமாகச் சொல்லலாம். பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழை 2000 மே 2-இல் நீக்கப்பட்டது. அதுவரை 100 மீட்டர் வரை தப்பாகக் காட்டிய கருவிகள் ஒரே நாளில் பத்துப் பதினைந்து மீட்டருக்குள் வந்தன. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலக் காட்டில் முதல் வாளியை ஒளித்துவைத்தார். இன்று உலகில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட டப்பாக்கள் இருக்கின்றன. நம் வட்டாரத்தில் மிகக் குறைவு. இங்கே தொடங்குகிறவர்கள் தேடுவதைவிட வைப்பதில்தான் அதிகம் ஈடுபட வேண்டியிருக்கும். வைக்கிறவருக்குத்தான் நல்ல கருவி அதிகம் தேவை. அவர் பதிகிற எண் தப்பானால் தேடி வருகிற எல்லாரும் தப்பான இடத்தில்தான் நிற்பார்கள்.

வெயிலும் திரையும்

சித்திரை வெயிலில் வைப்பாற்று மணலில் நின்று நான்கு திரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். போனில் என் முகம்தான் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் சூடேறி, வெளிச்சத்தைத் தானே குறைத்துக்கொண்டது. ஐபோனையே 35 டிகிரி வரைதான் பயன்படுத்தச் சொல்கிறது அதைச் செய்யும் நிறுவனம். நம் ஊரில் கோடையில் நிழலே அதைத் தாண்டும்.

கார்மின் திரைகள் வெயிலை வாங்கித் திருப்பித் தரும் வகை. வெயில் ஏற ஏற எழுத்து தெளிவாகும். எஸ்இ-யின் 2.2 அங்குலக் கறுப்பு வெள்ளைத் திரை இதில் முதலிடம். 22எக்ஸின் வண்ணத் திரையும் அதே அளவுதான். பகலில் குறையில்லை, ஆனால் நிழலுக்குள் வந்தால் பின்விளக்கு போட வேண்டும். 65எஸ் 2.6 அங்குலம், கண்ணாடி போட்டவர்களுக்கு வசதி. மூன்றிலும் தொடுதிரை கிடையாது, எல்லாம் பொத்தான்தான். வேர்வைக் கையோடு நடக்கும்போது பொத்தானின் அருமை தெரியும்.

பேட்டரி

மூன்றுமே இரண்டு பென்சில் பேட்டரியில் ஓடுகின்றன. நிறுவனக் கணக்குப்படி 65எஸ் 16 மணி நேரம், 22எக்ஸ் 25 மணி நேரம், எஸ்இ 168 மணி நேரம். ஒரு வாரம் முழுக்க அணைக்காமல் விடலாம் என்பது சாதாரண விஷயமில்லை. சார்ஜ் தீர்ந்தால் பிளக் தேட வேண்டியதில்லை. டீக்கடைக்குப் பக்கத்துப் பெட்டிக்கடையில் இரண்டு பேட்டரி வாங்கிப் போட்டு நடையைத் தொடரலாம். ரீசார்ஜ் செய்யும் பேட்டரி போடுகிறவர்கள் மெனுவில் அந்த வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மீதி அளவைக் கருவி தப்பாகக் காட்டும்.

துல்லியம்: நம் தலைக்கு மேலே ஒரு சிக்கல்

திறந்த வானம் கரிசலின் சொத்து. கட்டடமும் மலையும் மறைக்காத இடத்தில் நான்குமே மூன்று, நான்கு மீட்டருக்குள் ஒத்துப்போயின. அங்கே விலை கூடிய கருவிக்குத் தனி லாபம் இல்லை.

வித்தியாசம் தெரிவது மேற்கே. வத்திராயிருப்பைத் தாண்டித் தாணிப்பாறை அடிவாரத்தில் மரக்கூட்டமும் பாறைச் சுவரும் சேரும் இடத்தில், சிக்னல் பாறையில் மோதித் திரும்பி வந்து கருவியை ஏமாற்றும். அங்கே 22எக்ஸ் பதிந்த தடம் பாதையை விட்டு விலகி விலகி ஓடியது. 65எஸ் பதிந்த தடம் பாதையோடு ஒட்டி வந்தது. காரணம், அது எல்1, எல்5 என்ற இரண்டு அலைவரிசைகளில் கேட்கிறது. நம் இஸ்ரோவின் நேவிக் செயற்கைக்கோள்களையும் அதனால் எடுத்துக்கொள்ள முடியும். எஸ்இ அமெரிக்க, ரஷ்ய, ஐரோப்பிய, சீனச் செயற்கைக்கோள்கள் எல்லாவற்றையும் கேட்டாலும் ஒரே அலைவரிசைதான்.

தென்மாவட்டத்துக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு நம் தலைக்கு மேலேதான் போகிறது. 1963 நவம்பர் 21-இல் இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட் தும்பாவில் ஏவப்பட்டதே அந்தக் கோட்டுக்காகத்தான். அதை ஆராயத் திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது. சூரியன் உக்கிரமாக இருக்கும் ஆண்டுகளில், மார்ச், ஏப்ரல், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், பொழுது சாய்ந்தபின் இந்தப் பகுதியின் அயனி மண்டலம் கொந்தளிக்கும். 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் மெல்லிய சிக்னல் அதற்குள் தடுமாறும். இரட்டை அலைவரிசைக் கருவி அயனி மண்டலத்தால் வரும் தாமதத்தைக் கணக்கிட்டுக் கழித்துவிடும், கொந்தளிப்பை அதனாலும் முழுக்க வெல்ல முடியாது. ஆகவே டப்பா வைத்து எண் பதிகிறவர்கள் அந்த மாதங்களில் அந்தியைத் தவிர்த்துக் காலையில் பதியுங்கள்.

ஒருமுறை பதிந்ததோடு நிறுத்தவும் வேண்டாம். 22எக்ஸிலும் 65எஸ்ஸிலும் சராசரி எடுக்கும் வசதி உண்டு. ஒன்றரை மணி நேரமாவது இடைவெளி விட்டு நான்கு முதல் எட்டு முறை பதியச் சொல்கிறது கையேடு. இடைவெளி எதற்கென்றால், அதற்குள் செயற்கைக்கோள்கள் இடம் மாறிவிடும், பிழையும் திசை மாறும். சராசரியில் அது கரைந்துபோகும்.

கடைசிப் பத்து மீட்டர்

ஆயத்தொலைவை ஜியோகேச்சிங்கில் டிகிரி, நிமிடம், நிமிடத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று எழுதுவார்கள். கடைசி இலக்கம் ஒன்று கூடினால் நிலத்தில் ஏறக்குறைய 1.8 மீட்டர். 9 டிகிரி, 78 டிகிரிப் புள்ளியில் புள்ளிக்குப் பின்னால் எல்லாம் சைபராக வரவேண்டும். அங்கேதான் 22எக்ஸ் சிரமப்படுத்தியது. அதில் மின்னணுக் காம்பஸ் இல்லை. நடந்தால்தான் அதற்குத் திசை தெரியும். நின்றாலோ அடி அடியாக வைத்தாலோ அம்புக்குறி கிறுகிறுவென்று சுற்றும். இருபது மீட்டர் விலகிப்போய், நேராக வேகமாக நடந்து வந்தால் சரியாகும். எஸ்இ-யிலும் 65எஸ்ஸிலும் காம்பஸ் இருப்பதால் நின்ற இடத்திலேயே அம்பு நிலையாக நிற்கிறது. பைக்கை விட்டு நாலு அடி தள்ளி நின்று காம்பஸைச் சரிசெய்துகொள்ள வேண்டும். இரும்பு பக்கத்தில் இருந்தால் கெடும்.

அம்பு காட்டுவது காக்கை பறக்கும் கோடு. நம் நிலத்தில் அந்தக் கோட்டில் கைப்பிடிச் சுவர் இல்லாத பழைய கமலைக் கிணறு இருக்கலாம். திரையில் கண்ணை வைத்துக்கொண்டு நடக்கவே கூடாது. மழைக்காலத்தில் கரிசல் காலோடு ஒட்டி வரும், அப்போது பாசியும் உளுந்தும் விதைத்திருக்கும் காட்டை மிதிப்பதும் பாவம். அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் போங்கள். கையில் கருவியோடு பிஞ்சைக்குள் இறங்கினால் ஆள் வருவார். "என்ன, காத்தாடிக்கு அளக்க வந்தீகளா, சோலாருக்கா?" என்பது என்னிடம் முதலில் கேட்கப்பட்ட கேள்வி. நிலம் கைமாறும் கவலை அதில் இருக்கிறது. "அதெல்லாம் இல்ல அண்ணாச்சி, பூகோளப் புஸ்தகத்துல வர்ற கோடு ரெண்டு ஒங்க காட்டுக்குள்ளதான் வெட்டுது" என்று திரையைக் காட்டினேன். வாங்கிப் பார்த்தவர், கூடவே நடந்து வந்தார். அனுமதி கேட்டபிறகு நடப்பதே முறை.

மேப்

எஸ்இ-யில் மேப்பே இல்லை. புள்ளி, திசை, தூரம் மட்டும். ஜியோகேச் விவரங்கள் போன் வழியாக அதற்கு வரும். 22எக்ஸிலும் 65எஸ்ஸிலும் கூடவே வரும் அடிப்படை மேப் நம் கிராமங்களுக்குப் போதாது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து கார்மினுக்காகத் தயாரித்த இலவசக் கோப்பை இறக்கி மெமரி கார்டில் போட்டால் கண்மாயும் வண்டிப்பாதையும் வந்துவிடும். பழைய சர்வே ஆஃப் இந்தியா வரைபடத்திலிருந்து எண் எடுக்கிறவர்கள் கவனிக்கவும். அவை எவரெஸ்ட் கணக்கில் வரைந்தவை, ஜிபிஎஸ் டபிள்யூஜிஎஸ் 84 கணக்கில் ஓடுகிறது. மாற்றாமல் போட்டால் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப்போய் நிற்பீர்கள். 2005 வரைபடக் கொள்கைக்குப் பிறகு வந்த பொதுமக்களுக்கான வரிசையில் இந்தத் தொல்லை இல்லை.

பட்டாசு பூமியில் டப்பா வைப்பவர்களுக்கு

சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டை வட்டாரத்தில் ஊரைவிட்டுத் தள்ளி, ஆளரவமற்ற பொட்டலில்தான் பட்டாசு ஆபீஸ்கள் இருக்கின்றன. டப்பா ஒளிக்க ஆசை வரும் இடமும் அதே பொட்டல்தான். அந்த வேலிகளின் பக்கமே போகாதீர்கள். மருந்து கையாளும் இடத்தில் போனுக்கே அனுமதி இல்லை. அங்கே பெயர் தெரியாத ஒரு டப்பா கிடந்தால் தொழிலாளர்கள் பதறுவார்கள், போலீஸ் வரும், அதில் நியாயமும் இருக்கிறது. உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் டப்பாவாக, மேலே விளக்கம் தமிழில் எழுதி, நிலத்துக்காரரிடம் சொல்லிவிட்டு வையுங்கள். இரண்டு டப்பாவுக்கு நடுவே 161 மீட்டராவது இருக்க வேண்டும், மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது என்பவை உலகப் பொது விதிகள். வெம்பக்கோட்டை அகழாய்வு மேட்டுப் பக்கம் இந்த விதியை இருமடங்கு மதிக்க வேண்டும். மேற்கு மலை 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். அங்கே வனத்துறை விடும் பாதையோடு சரி. பொந்துக்குள் கையை விடாமல் குச்சியால் தட்டிப் பாருங்கள், விரியன் உள்ள பூமி இது.

யாருக்கு எது?

முதல்முறை ஆடிப் பார்க்கிறவர்கள் எதையும் வாங்க வேண்டாம். போனில் சிஜியோ போன்ற இலவசச் செயலி போதும், காலையிலும் மாலையிலும் போங்கள்.

கரிசல் சமவெளியில் நடக்கிறவர்கள், மாணவர்களைக் கூட்டிப்போகும் ஆசிரியர்கள் எஸ்இ வாங்கலாம். மூன்றில் விலை குறைந்ததும் அதுதான். திரை, பேட்டரி, காம்பஸ் மூன்றும் அதில் சரியாக அமைந்திருக்கின்றன. மேப் கையிலேயே வேண்டும், தடம் பதிய வேண்டும் என்பவர்களுக்கு 22எக்ஸ், அம்பு சுற்றுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். மலையடிவாரத்திலும் மரநிழலிலும் வேலை உள்ளவர்கள், டப்பா வைத்து எண் பதிகிறவர்கள் செலவைப் பார்க்காமல் 65எஸ் எடுக்கலாம்.

பெயரின் கடைசியில் 'ஐ' என்ற எழுத்து வரும் 66ஐ, 67ஐ மாதிரிகள் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்புபவை. இந்தியாவில் அவற்றை வைத்திருக்கத் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி வேண்டும். அதில்லாமல் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையங்களில் பிடிபட்டிருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வருவதாகச் சொன்னால், மாதிரி எண்ணைத் தெளிவாக எழுதிக் கொடுங்கள்.

என் ஓட்டு எஸ்இ-க்கு. சாத்தூர் வட்டாரப் பள்ளி ஒவ்வொன்றிலும் அப்படி ஒரு கருவி இருந்தால், அட்சரேகையும் தீர்க்கரேகையும் பரீட்சைக்கு மனப்பாடம் செய்யும் கோடுகளாக இருக்காது. 78-ஆம் ரேகை பத்துக் கிலோமீட்டருக்குள் ஓடுகிறது, இருக்கன்குடிக்குப் பஸ் இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிப்போய், சைபர் வரும்வரை நடக்கவிடலாம்.