தோணியில் ஏறிய மலாய்ச் சொற்கள்

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972) என்னும் நாவலைப் படிக்கும் தமிழாசிரியர்க்கு அதன் மலாய்ச் சொற்கள் உறுத்தலாம். வகுப்புக்கு அதனை எடுத்துச் செல்வோர், அவற்றை அடித்துத் தூய்மை செய்யவும் எண்ணலாம். அது நாவலைக் கெடுப்பதாகும்.

சிங்கம்புணரியிற் பிறந்த சிங்காரம், இளமையில் சுமத்திராவின் மேடான் நகர வட்டிக்கடைக்கு வேலைக்குச் சென்றவர். அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்பன அவர் அறிந்த கடைவழக்கு. துவான் என்பது அந்நகரின் தெருவழக்கு. இவ்விரண்டோடு, மதுவருந்தி விவாதிக்கும் இளைஞர் நாவிலே பழந்தமிழ் இலக்கியமும் கலந்து வருகிறது. கதைத்தலைவன் பாண்டியன் மதுரைத் தெருக்களை நினைக்கையில் நடை ஒருவிதம். மேடான் கடைத்தெருவில் நிற்கையில் வேறுவிதம். மலாய்ச் சொல்லை நீக்கிவிட்டால் அவன் கடல் கடந்தவன் என்பதை எதனால் உணர்வோம்? (மலாய்மொழியும் கப்பல், கடை, கட்டில் ஆகியவற்றை நம்மிடம் பெற்று இன்றும் வழங்குகிறது, அம்மொழியார் வெட்கப்படவில்லை.)

நாவலின் மெய்யான குறை வேறு. அதில் ஒலிப்பது பெரும்பாலும் வட்டிக்கடைத் தமிழ். மலாயா வந்த தமிழருள் மிகப் பலர் பால்மரம் சீவ வந்தவர்கள். அவர்தம் பேச்சு இங்கே அருகியே கேட்கிறது. அதற்குக் கா. பெருமாளின் 'துயரப் பாதை'யைத்தான் நாடவேண்டும்.