மலாக்கா முன்ஷியும் கணக்குத் தமிழும்

மலாக்காவின் பழம்பெருமை பேசப் புகும் நம்மவரிற் பலர் கடாரங்கொண்ட சோழனில் தொடங்கி அவனிலேயே முடித்துவிடுகின்றனர். மலாக்கா நகரமோ அவனுக்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட காலத்திற்குப் பின் எழுந்தது! அந்நகர மாந்தர் எம்மொழி கற்றார், எதற்கு அஞ்சினார் என்றறிய விழைவோர்க்கு நாம் காட்டும் நூல், 1849ல் சிங்கப்பூரில் கல்லச்சில் வெளிவந்த 'ஹிக்காயத் அப்துல்லா' என்னும் மலாய்த் தன்சரிதமாகும்.

அதன் ஆசிரியர் முன்ஷி அப்துல்லா 1796ல் மலாக்காவில் பிறந்தவர்; யேமனிலிருந்து நாகூர் வந்து மணம் புரிந்த ஓர் அராபியரின் கொள்ளுப்பேரர். குர்ஆன் ஓதியபின் தந்தையார் அவரைத் தமிழ் கற்க அனுப்பினார். நல்ல குடும்பத்தாரும் செல்வரும் தம் மக்களுக்குத் தமிழ் கற்பிப்பது அந்நகரில் நெடுநாள் வழக்கமென்றும், கணக்கெழுதவும் அங்கு நிறைந்திருந்த வணிகரோடு உரையாடவும் அது பயன்பட்டதென்றும் அவர் எழுதுகிறார். தமிழை அவர் 'கெலிங்' மொழி என்கிறார். இன்று வசையாக நம் செவியில் விழும் அச்சொல் அவர் வாயில் வெறும் பெயரே.

நிற்க. நூலின் சிறந்த பகுதி கோட்டை இடிப்பைப் பற்றியதென்பது நம் கருத்து. 1511ல் நகரைப் பிடித்த போர்த்துக்கீசியர் கட்டிய கோட்டையை 1807ல் ஆங்கிலேயர் இடிக்கத் தொடங்கினர். அதனுள் பேய்கள் குடியிருப்பதாக ஜனங்கள் நம்பினர், கூலியாட்கள் நடுங்கினர், நோயுற்றவரையெல்லாம் பேயின் கணக்கில் எழுதினர். முடிவில் ஃபார்க்குவார் வெடிமருந்து வைத்தார். கோட்டை போயிற்று, பேய்கள் எங்கே போயின என்று கேட்பாரில்லை. சிறுவயதிற் கண்ட இதையும், பேய்க்கதைகள் பிறவற்றையும், மூடநம்பிக்கையை எள்ளும் நெஞ்சோடு அவர் எழுதியிருக்கிறார். ஆயின் அரசரையும் குடிகளையும் அஞ்சாது கடிந்த பேனா, ராபிள்ஸ் துரையின் முன் மிகவும் குழைந்துவிடுகிறது. இஃது ஒரு குறையே.

மற்றொன்றும் நினைக்கத்தக்கது. அவர் காட்டும் தமிழ் பேரேட்டின் தமிழ். காசுள்ள இடத்தில் அதற்கு மதிப்பிருந்தது. காஜா பேராங்கில் வாழும் மலாக்காச் சிட்டி மக்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்து பல தலைமுறை கழிந்தபின் வீட்டில் பேசுவது ஒருவகை மலாயே. 1781ல் எழுந்த அவர்களுடைய பொய்யாத விநாயகர் கோயில் நிற்கிறது, தமிழ் நிற்கவில்லை. கோயில் கட்டினால் மொழி பிழைக்குமென்போர் அங்குச் சென்று பார்க்கலாம்.

1896ல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். பின்னர்த் தோட்டங்கள் பெருகத் தமிழர் திரளாக வந்தனர். அவர்கள் பேசிய தமிழைக் கற்கத் தம் பிள்ளைகளை அனுப்பிய செல்வர் யார்? அது லயங்களுக்குள்ளும் தோட்டப் பள்ளியிலும் அடங்கிற்று. பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடக் கேட்டு நின்றவர் தம் நினைவுகளை எழுதி வைத்தது மிகச் சிறிது.

அப்துல்லாவைத் தம் வாழ்க்கையை எழுதத் தூண்டியவர் ஆல்பிரட் நார்த் என்னும் அமெரிக்கப் பாதிரியார். நம் தோட்டத்து முதியவர்களிடம் அதைக் கேட்கப் பாதிரியார் வரவேண்டியதில்லை. பேரப்பிள்ளைகள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தாற் போதும்.