அந்த லெப்ட் பேக் ஏன் வெளியே அடிக்கிறார்?

வட வேல்ஸ் கடற்கரைக் கால்பந்துச் சங்கத்தின் நாக் அவுட் கோப்பையை விடாமல் பார்ப்பவர்களுக்கு அந்த லெப்ட் பேக்கைத் தெரியும். பெயர் வேண்டாம், ஊரைச் சொன்னாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். வாரமெல்லாம் வேலைக்குப் போய்விட்டு சனிக்கிழமை மதியம் பூட்ஸ் மாட்டுகிறவர். பந்து காலுக்கு வந்ததும் ஒரே ஒரு முறை தலையைத் தூக்கிப் பார்ப்பார். அடுத்த நொடி பந்து டச் லைனுக்கு வெளியே கிடக்கும். உடனே வேலியோரத்தில் முணுமுணுப்பு கிளம்பும். 'பாஸ் போடத் தெரியாதவன்' என்று எத்தனை பேர் சொல்லிக் கேட்டுவிட்டேன்! எனக்குக் கோபம்தான் வருகிறது. இந்தக் கோப்பையில் ஆட்டத்தை அவர் அளவுக்குப் படித்து ஆடுகிறவர் வேறு யாருமில்லை.

பெத்தெஸ்டா, பிளைனை ஃபெஸ்டினியோக் மாதிரியான ஸ்லேட் குவாரி ஊர்களின் குளிர்காலத்தை நினைத்துப் பாருங்கள். ஐரிஷ் கடலைத் தாண்டி வரும் காற்று மலைகளுக்கு நடுவே புகுந்து சுழன்று அடிக்கும். அதை எதிர்த்து ஆடும்போது எல்லோரும் கேட்கிற அந்த 'நல்ல பாஸை' கோல்கீப்பருக்கே திருப்பிக் கொடுத்தால் என்ன ஆகும்? 1992 முதல் அதைக் கையால் எடுக்க முடியாது. உதைத்தாக வேண்டும். உதைத்த பந்து மேலே ஏறும், நிற்கும், திரும்பி நம் பெனால்டி ஏரியாவுக்கே வரும். நம் டிபென்டர்கள் சொந்த கோலைப் பார்த்து ஓடிக்கொண்டிருப்பார்கள். எதிரணி ஸ்ட்ரைக்கரோ பந்தையும் கோலையும் நேராகப் பார்த்தபடி வருவார். கோல் கிக்கைக் காற்று திருப்பி நம் கோலுக்குள்ளேயே தள்ளினால் சட்டப்படி கார்னரோடு தப்பிக்கலாம். ஆட்டத்தின் நடுவே உதைத்த பந்துக்கு அந்தச் சலுகை கிடையாது, அது கோல்தான்.

த்ரோ அப்படியில்லை. கையிலிருந்து சில கஜ தூரம்தான் போகும், காற்றுக்கு அதில் பெரிய வேலையில்லை. அதனால்தான் அவர் எதிரணிக்குத் த்ரோ கொடுக்கிறார், கார்னர் கொடுப்பதில்லை. அடுத்த முறை அவர் காலைக் கவனியுங்கள். பந்தை முழங்கால் உயரத்துக்கு மேல் எழவிடமாட்டார். முடிந்தவரை நடுக்கோட்டுப் பக்கமாகவே அனுப்புவார். த்ரோவிலிருந்து நேராக வரும் பந்துக்கு ஆப்சைடு இல்லை என்பதால், அடித்த மறுகணமே மூன்றடி பின்வாங்கி, கையை ஆட்டி நடுக்கள ஆட்டக்காரரை உள்ளே இழுப்பார். பந்தை யாராவது ஓடிப்போய் எடுத்து வருவதற்குள் பின்வரிசை மொத்தமும் தன் இடத்தில் நிற்கும். பந்தை இழந்துவிட்டார் என்கிறீர்கள். ஒரு மூச்சு வாங்கிக் கொடுத்தார் என்கிறேன் நான்.

டாஸ் ஜெயித்தால் அவருடைய கேப்டன் முதல் பாதியில் காற்றை எதிர்த்தே ஆடுகிறார், இரண்டாம் பாதிக்காக. லீக்கில் இது எடுபடுமா என்பது வேறு பேச்சு. நாக் அவுட்டில் அந்த ஒரு மதியம்தான் உண்டு. இடைவேளை வரை கோல் வாங்காமல் நின்றால் போதும்.

இனி என்ன நடக்கும்? கோல்கீப்பர் எட்டு நொடிக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் என்று 2025-ல் விதி மாறிவிட்டது. காற்று அடங்கட்டும் என்று காத்திருந்த காலம் போச்சு. அழகாகப் பாஸ் போட்டு ஆடும் கடலோர அணிகளில் குறைந்தது இரண்டு காலிறுதிக்கு முன்பே வெளியேறும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நம் லெப்ட் பேக்கின் குவாரிப் பக்கத்து அணி அரையிறுதிக்கு வரும். அங்கே ஒரு கண்டம் இருக்கிறது: இங்கிலாந்து பிரீமியர் லீக்கிலேயே நீள த்ரோ திரும்பி வந்துவிட்டது. கை நீளமுள்ள ஒருவர் எதிரே வாய்த்தால், நம்மவர் இன்னும் இருபது கஜம் முன்னால் தள்ளி அடித்தாக வேண்டும். அதையும் பழகிக்கொள்வார்.

இறுதிப் போட்டிக்குள் வசந்தம் வந்து காற்றும் தணிந்திருக்கும். அன்றைக்கு இவர் என்ன செய்வார் என்று கேட்கிறவர்கள் ஒரு நாள் அரை மணி நேரம் முன்னதாக வந்து, அவர் வார்ம்-அப் செய்வதைப் பாருங்கள். நாற்பது கஜத்துக்கு அந்தப் பக்கம் நிற்பவரின் காலடியில் பந்தைக் கொண்டுபோய் வைக்கிறார், இடது காலாலும் வலது காலாலும். அந்த பாஸை அவர் இறுதிப் போட்டியில் முதல் பத்து நிமிடத்துக்குள் போடுவார். எதிரணி ரைட் பேக் அப்போது த்ரோ எடுக்க டச் லைனை நோக்கி நடக்கத் தொடங்கியிருப்பார்.